பொன்னுத்துரைக்குக் கறுப்புக் கட்டம்

முந்நூறு பிரதிகளையும் தபாலில் சேர்த்த பிறகுதான் அப்துல் லத்தீப் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"யா அல்லா! ஏலே கருப்பணா, என்னலே செஞ்சு வச்சிருக்க?"

அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் கருப்பணன் எட்டிப் பார்த்தான். எழுத்தாளர் பொன்னுத்துரையின் படம். சுற்றிலும் விரல் பருமனுக்குக் கறுப்புக் கட்டம். செத்தவர் படத்துக்குத்தான் அப்படிப் போடுவார்கள் என்பது பத்திரிகையைப் புரட்டுகிற யாருக்கும் தெரியும்.

"கைப்பிசகு பாய். மெல்லிசுக் கோடு அம்புட்டும் கல்யாணப் பத்திரிகைக்குப் போயிருச்சு. கெடைச்சத வச்சேன்."

"ஒரு மனுசனையே கொன்னுட்டியேப்பா!"

தோல் வியாபாரத்தில் வந்ததையெல்லாம் கொட்டி, லத்தீப் தனியாளாகத் திண்டுக்கல்லில் நடத்திய மாதப் பத்திரிகை 'பாறைக்குரல்'. மாதம் ஓர் எழுத்தாளரைப் பற்றிக் கட்டுரை வரும். இந்த மாதம் சித்தையன்கோட்டைப் பொன்னுத்துரை. பன்னிரண்டு வருஷமாகக் கதை எழுதியும் அந்த மனிதருக்கு ஒரு வாசகர் கடிதம் வந்ததில்லை. அவருடைய ஒரே புத்தகம் லத்தீபின் அச்சகப் பரணில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. "என்னையப் பத்தியா எழுதுறீங்க பாய்?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்கா இந்தக் கொடுமை? தலைப்பு வேறு, 'நம்மிடையே ஓர் எழுத்தாளர்'.

கட்டுரையில் அவர் உயிரோடு இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? கட்டத்தைப் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லத்தீப் மறுநாளே ஒரு துண்டுத்தாள் அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பினார். 'எழுத்தாளர் பொன்னுத்துரை இறக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' திருத்தம் என்றால் வருத்தம் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது அவர் பழக்கம். துக்கம் தாங்காமல் பாய்க்கு மனசு பேதலித்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது.

வாசகர் மன்றச் செயலாளர் முத்துச்சாமி ஆறுதல் சொல்லவே வந்துவிட்டார்.

"மனசத் தேத்திக்கங்க பாய். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இரங்கல் கூட்டம். நீங்கதான் தலைமை."

"அவரு உசுரோட இருக்காருய்யா!"

"இருக்காரு பாய், இருக்காரு. நம்ம நெஞ்சுல இருக்காரு."

போகும்போது பரணிலிருந்த புத்தகக் கட்டுகளையும் கொண்டுபோனார். சனிக்கிழமைக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லத்தீப் சித்தையன்கோட்டைக்கு பஸ் ஏறினார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டு, ஆளைக் கையோடு கூட்டிவந்து நிறுத்துவதாக யோசனை. வாசலில் பொன்னுத்துரையின் மனைவி சுந்தரம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"என் தாலி கழுத்துல கெடக்கையில எனக்கு ஆறுதல் எழுதுறாங்களே அண்ணே, வெளங்குவாங்களா?"

"தப்பு என்னோடதும்மா. அவரு எங்க?"

"நாலு நாளா வந்த கடிதாசியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. கூட்டத்துக்குப் போறேன்னு காலையிலயே திண்டுக்கல் போயிட்டாரு."

அந்த மனிதர் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கேட்டால் என்ன பதில் சொல்வது? லத்தீப் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

மன்றத்தில் நிற்க இடமில்லை. மேடையில் மாலை போட்ட படம். பள்ளிக்கூட ஆசிரியை பக்ருன்னிசா பேசிக்கொண்டிருந்தார்.

"என்னையப் பெத்த அத்தா தோல் பதனிடுற ஷாப்புல வேலை பாத்து இருமி இருமியே போனாரு. பொன்னுத்துரை அவரப் பாத்ததே இல்ல. ஆனா அந்த மூணாவது கதையில இருக்கறது எங்க அத்தாதான். இதப் படிக்க எனக்கு இம்புட்டு நாளாச்சு. முன்னமே படிச்சிருந்தா ஒரு தடவ போய்ப் பாத்திருப்பேன்."

அதோடு அவர் மேடையிலிருந்து இறங்கிவிட்டார். லத்தீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கடைசி வரிசையில் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு பொன்னுத்துரை உட்கார்ந்திருந்தார்.

லத்தீப் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "என்னைய மன்னிச்சுருங்க. வாங்க, மேடையில ஏறி உண்மையச் சொல்லிருவோம்."

பொன்னுத்துரை கையை விடுவித்துக்கொண்டார். "பொறுங்க பாய். இன்னும் ரெண்டு பேரு பேசல."

அந்த இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு லத்தீப் மேடையேறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலில் ஒருவரும் நம்பவில்லை. துண்டு விலகியதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். பக்ருன்னிசா மட்டும் புத்தகத்தோடு கடைசி வரிசைக்கு நடந்துபோய் அவர் எதிரில் நின்றார். முத்துச்சாமி படத்தின் மாலையைக் கழற்றி ஆளுக்கே போட்டார்.

திங்கட்கிழமை காலை லத்தீப் கருப்பணனைக் கூப்பிட்டார்.

"என்னமோ நல்லபடியா முடிஞ்சுது. ஆனா ஒன்னைய நம்பி இனி ஒரு பக்கம் குடுக்க முடியாதுப்பா. ஒரு நல்ல மனுசனோட உசுருல வெளையாடிட்ட. வேற அச்சாபீஸ் பாத்துக்க."

கருப்பணன் கை மையைத் துடைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றான்.

"போறேன் பாய். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு... 'ஒரு மாசம் செத்துப் பாக்குறேன் கருப்பணா, அப்பவாச்சும் படிக்கிறாங்களான்னு பாப்போம்'னு அவரேதான் வந்து எங் கையப் புடிச்சுக் கேட்டாரு."