பெயர் போடாத செய்தி

புதுவாய்க்கால்மேடு நேரடி நெல் கொள்முதல் நிலையம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சீரும் சிறப்புமாகத் திறக்கப்பட்டது. பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. ‘விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று பக்கத்தில் ஒரு படம் வேறு. நிலையத்தின் கதவில் பூட்டு தொங்கியது ஒன்றுதான் குறை.

அந்தப் பூட்டுக்கு எதிரேதான் ரெத்தினம் தன் குறுவை நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு ஒன்பது நாளாகக் காவல் கிடந்தார். குத்தகை நிலத்தில் பாடுபட்டு விளைவித்த நெல். அதன்மேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் மழை. பத்தாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் முளை விட்டுவிடும், அப்புறம் கோழிக்குத்தான் போடவேண்டும். மனுஷனுக்கு வயிறு எரியாதா? பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல அரைமணி நேரம் காத்துக்கிடந்து, ஒருவழியாகக் கொள்முதல் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அதிகாரி அமிர்தலிங்கம், ‘செய்தியில் உண்மையையும் கருத்தையும் பிரித்தறிதல்’ என்ற மூன்று நாள் பயிற்சியை முடித்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். இப்போது ஆபீசுகளில் அதுதான் ஃபேஷன். சான்றிதழும் ஒரு சணல் பையும் கொடுக்கிறார்கள்.

“சார், நிலையத்தைத் திறங்க. நெல்லு சூடேறிப் போச்சு.”

“அதான் திறந்தாச்சே. பேப்பர் பாக்கலையா?”

“பாத்தேங்க. பூட்டையும் பாத்துட்டுத்தான் வர்றேன்.”

“பூட்டியிருக்குன்னு யார் சொல்றது?”

“நான்தான், ரெத்தினம்.”

“ஆக, பூட்டியிருப்பதாக ரெத்தினம் தெரிவிக்கிறார். ஒருத்தர் பேர் வந்துட்டாலே அது கருத்து. பேப்பர்ல பாருங்க, திறந்தாச்சுன்னு யார் சொன்னாங்க? எங்கேயாவது பேர் இருக்கா? அப்ப அது உண்மை. உங்க கருத்தை நான் மதிக்கிறேங்க.”

“சரிங்க, இன்னொரு தரம் திறந்துடுங்களேன்.”

“திறந்ததை எப்படிங்க திறக்கறது? முதல்ல மூடணும். நல்லா நடக்கற நிலையத்தை எதுக்கு மூடறேன்னு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

திரும்பி வரும் பஸ்ஸில் ரெத்தினம் பேப்பரை விரித்து அந்தச் செய்தியை இன்னொரு தரம் படித்தார். பிறகு போனை எடுத்து, மச்சினன் வீட்டுக் காதுகுத்து குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டார். ‘நாளை காலை கலெக்டர் புதுவாய்க்கால்மேடு கொள்முதல் நிலையத்தில் திடீர் ஆய்வு.’

சாயங்காலத்துக்குள் அது பட்டுக்கோட்டை வரை ஊர் சுற்றி, அனுப்பினவன் பேரெல்லாம் உதிர்ந்து, அமிர்தலிங்கத்தின் போனுக்கே வந்து சேர்ந்தது. அவர் பதறவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சோதித்தார். யார் சொன்னது என்று எங்குமே இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை. அதற்கப்புறம்தான் பதறினார்.

விடிந்ததும் சாவி கிடைக்காமல் பூட்டையே உடைத்தார்கள். வாசலில் வாழைமரம் நின்றது, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் மணந்தது. கலெக்டர் வரும்போது எதையாவது எடைபோட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்று ரெத்தினத்தின் நெல்லை முதலில் எடுத்தார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவியும் நிலைமை தெரிந்து நடந்துகொண்டது. மதியத்துக்குள் கடைசி மூட்டையும் லாரி ஏறிவிட்டது. ரெத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அமிர்தலிங்கம் மட்டும் சால்வையோடு இருட்டும்வரை வாசலில் நின்றார். கலெக்டர் வரவில்லை. வருவதாக இருந்தால்தானே வர?

மறுநாள் ரெத்தினத்தின் மனைவி பூவம்மாள் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நேத்து கலெக்டர் வந்து எல்லார் குறையையும் கேட்டுக்கிட்டுப் போனாராமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?”

ரெத்தினம் பேப்பரை வாங்கி இரண்டு தரம் படித்தார். யார் சொன்னது என்று எங்குமே இல்லை. படத்தையும் உற்றுப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

“நான் டீ குடிக்கப் போனேன் பாரு, அந்த நேரத்துல வந்திருக்காரு,” என்றார். “ச்சே, இருந்திருந்தா வாய்க்கால் தூர் வாரலைன்னு அவருகிட்டயே சொல்லியிருப்பேன்.”