செலுக்கஸ் அண்ணையின் யானைகள்

சொந்த வீட்டுக்குள்ளேயே நாடு கடத்தப்பட்ட மனிதர் கனடாவில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் செலுக்கஸ் அண்ணை.

தொண்ணூறுகளில், ஸ்காபரோவில், பன்னிரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. லீஸ் அவர் பெயரில். பேக்கரியில் வேலை. வாயைத் திறந்தால் வரலாறு.

"எல்லாரும் அலெக்சாந்தர், அலெக்சாந்தர் எண்டு கத்துவினம். அவன் செத்தாப்பிறகு அவன்ரை தளபதி செலுக்கஸ்தானே பெரிய ராசாவா வந்தவன்! சந்திரகுப்தனிட்டை நிலத்தைக் குடுத்தான், ஐஞ்ஞூறு யானையை வாங்கினான். அந்த யானையளை வைச்சு அடுத்த சண்டையை வெண்டான். நிலம் எழும்பி வராது தம்பி. யானை வரும்!"

சொன்னதோடு விட்டிருக்கலாம். செய்தும் காட்டினார். வந்திறங்கி இடமில்லாமல் நிற்கிறவனையெல்லாம் கூட்டிவந்தார். பெரிய அறை புதுமணத் தம்பதிக்குப் போனது. சின்ன அறை இரண்டு சகோதரர்களுக்கு. கொலிஜ் படிக்க வந்த எனக்கு முன்பக்க ஹோல். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: "நான் கூப்பிடேக்கை யானை மாதிரி வரவேணும்."

கடைசியில் சக்கரவர்த்தி குசினியில் படுத்தார். தலை அடுப்பில், கால் பிரிஜ்ஜில். தண்ணீர் எடுக்கப் போனால், "ஆரடா என்ரை எல்லையிலை?" என்று குரல் வரும்.

அப்போதுதான் அவர் மனைவிக்கு விசா கிடைத்தது. ஐந்து வருடப் பிரிவு. கொழும்பிலிருந்து போன்.

"இஞ்சாருங்கோ, வீட்டிலை எத்தினை அறை?"

"ரெண்டு," என்றார். பொய்யில்லைதான்.

போனை வைத்ததும் கேட்டேன், "அண்ணை, அக்காவை எங்கை படுக்க வைக்கப்போறியள்? சிங்குக்குள்ளையோ?"

"பெரிய அறைப் பிள்ளை மாசமாயிருக்கு. குடுத்த நிலத்தைத் திருப்பிக் கேக்கிறவன் ராசாவோ?"

"அப்ப யானையளைக் கூப்பிடுவம்."

"வருவாங்களோடா?" அந்தக் குரலில் ராசாவைக் காணவில்லை.

நானே போனை எடுத்தேன். அவர் வீட்டில் படுத்தெழும்பிப் போனவர்கள் அப்போது மார்க்கம், விட்பி, றிச்மண்ட் ஹில் என்று சிதறியிருந்தார்கள். ஒருவன் எங்கள் கட்டடத்துச் சூப்பரின்ரெண்டனைப் பிடித்து, பதினைந்தாம் மாடியில் காலியாயிருந்த ஒற்றை அறை வீட்டை அவருக்கு எடுத்துக்கொடுத்தான். சனிக்கிழமை வான் வானாக வந்திறங்கினார்கள். கட்டில், சோபா, மேசை, யாரோ கழித்துவிட்ட பிரிஜ். லிப்டும் நாள் பார்த்து அன்றைக்கே படுத்துவிட்டது.

"அண்ணை, செலுக்கஸின்ரை யானையள் மாடிப்படி ஏறினதோ?" பிரிஜ்ஜின் அடியிலிருந்து ஒரு முனகல்.

"கதையாமல் ஏறுங்கோடா! சோபா சுவரிலை இடிக்குது!"

பின்னேரம் விமான நிலையத்திலிருந்து அக்காவைக் கூட்டிவந்தார். நல்லவேளை, அதற்குள் லிப்ட் எழும்பிவிட்டது. நாங்கள் வியர்த்து விறுவிறுத்து நிலத்தில் கிடந்தோம்.

"உவையெல்லாம் ஆர்?"

"என்ரை யானையள்," என்றார்.

அக்கா உள்ளே போய் அறையைப் பார்த்தார். திரும்பிவந்து முதல் கட்டளையைப் பிறப்பித்தார்: "உந்த அறையை மட்டும் ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ."

அண்ணை அறையைக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் ஹோலைக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் யாராவது "வீடு மாறப்போறன்" என்று வாயெடுத்தால், உதவி கேட்கும் முன்பே என் கால் சப்பாத்தைத் தேடுகிறது.