ஏழு ராத்தல் கல்

கோலப்பன் முதலாளி ஃபிட்டர் வேதமாணிக்கத்துக்குத் தரவேண்டியிருந்தது பதினேழு ரூபாய், நாலு சக்கரக் காசு. அதைக் கேட்பதற்காகத் திங்கட்கிழமை காலையில் அவன் ஆபீசு வாசலில் போய் நின்று வாயைத் திறந்தான். அதே நேரத்தில் பின்னால் பிரஸ் கொட்டகையில் சேஃப்டி வால்வும் வாயைத் திறந்தது.

‘உஸ்’ஸென்று தொடங்கிய சத்தம் ஏறி ஏறி, கரமனை ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி ஆகி, பிறகு அடங்கியது.

“கேட்டீராவே?” என்றார் கோலப்பன். “அது என் காசு. காத்தாட்டுப் போகுது.”

“மொதலாளி, அது சேஃப்டி வால்வு. காத்தை வெளிய விடத்தானே அதை மாட்டியிருக்கு.”

“எண்பதுல விடணும்னு நீருதானே சொன்னீரு. கேஜைப் போய்ப் பாரும். அறுபத்தாறுல விடுது. பதினாலு குறையுது. அந்தப் பதினாலு வரட்டும், உம்ம பதினேழும் வரும்.”

பக்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பிச்சுமணி, முதலாளியின் இந்தச் சாமர்த்தியத்துக்குத் தலையை ஆட்டினார். சம்பளம் வாங்குகிறவர் ஆட்டித்தானே ஆகவேண்டும்.

கோலப்பனுடையது கயிற்றுக் கிட்டங்கி. பெண்கள் திரித்த கயிற்றைக் கட்டுக் கட்டாக அமுக்கிக் கப்பலுக்கு அனுப்புகிற இடம். கொல்லத்தில் நொடித்துப்போன ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் காற்றுப் பிரஸ்ஸை அவர் ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். ஆயில் இஞ்சின் ஓடிக் காற்றைத் தொட்டியில் அடைக்கும். தொட்டிக் காற்று சிலிண்டரைத் தள்ள, சிலிண்டர் கயிற்றை அமுக்கும். தொட்டியின் தலையில் சேஃப்டி வால்வு. அதன் வாயை ஒரு நீட்டக் கம்பி அமுக்கியிருக்கும். கம்பி நெடுகக் காடிகள் வெட்டியிருக்கும். காடியில் ஓர் இரும்புக் கல் தொங்கும். காற்றழுத்தம் காட்டுகிற கேஜ் முள் எண்பதைத் தொட்டால் காற்று அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால் தொட்டியே வெளியே போகும், பக்கத்தில் நிற்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு.

ஏலத்தில் வால்வு வந்தது, கல் வரவில்லை. புதுக் கல் வார்க்கச் சொன்னதற்குக் கோலப்பன் சிரித்தார்.

“ஏழு ராத்தல்தானே வேணும். கிட்டங்கியில தராசுக் கல்லு ரெண்டு கிடக்கு. ஒண்ணு அரிசி நிறுக்க. மத்தது சும்மா இருக்கு. அதைத் தொங்கவிடும்.”

இரண்டும் வளையம் வைத்து, தார் பூசி, ஒரே அச்சில் விழுந்த கல்கள். வேதமாணிக்கம் அதில் ஒன்றைத் தொங்கவிட்டுக் காடி காடியாக நகர்த்தி, கடைசிக்கு முந்தின காடியில் எண்பதுக்குச் சரியாக வால்வைத் திறக்கவைத்தான். கோலப்பனும் கண்ணால் பார்த்தார். “ஒரு வாரம் ஓடட்டும், காசு தாறேன்” என்றார். அந்த ஒரு வாரம் ஓடி முடிந்த திங்கட்கிழமைதான் இது.

வேதமாணிக்கம் கொட்டகைக்குத் திரும்பினான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்றை இறக்கி, கல்லைக் கழற்றிக் கிட்டங்கி வாசல் பலகையில் அரிசிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவதாக ஏற்பாடு. கயிறு முறுக்குகிற பெண்களே கொட்டகையைப் பெருக்கி, அதைத் துடைத்து எண்ணெய் பூசி வைப்பார்கள். திங்கட்கிழமை மறுபடி தூக்கி மாட்டுவான். இன்று காலையில் மாட்டும்போது கல் கையில் கொஞ்சம் லேசாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட தெம்பு என்று நினைத்துக்கொண்டான்.

கல்லைக் கடைசிக் காடிக்குத் தள்ளினான். எழுபது. அதற்கு மேல் கம்பி இல்லை.

மத்தியானம் அவன் மனைவி ரோஸ் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். அவளும் அங்கேதான் கயிறு முறுக்குகிறாள். பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலியில் பாதி காசு, பாதி அரிசி. ஊரெல்லாம் அரிசியை நாழியில் அளக்கும். கோலப்பன் மட்டும் தராசில் நிறுத்துக் கொடுப்பார். நாழியில் அளந்தால் சிந்திப்போகுமாம்.

“காசு தந்தாரா?”

“வால்வு சரியில்லையாம். நான் வச்ச வால்வு சரியில்லையாம், கேட்டியாட்டி.”

“தராட்டா போறாரு. விட்டுட்டு மட்டும் வந்திராதிய. வீட்டுல சனிக்கிழமை வரைக்கும் அரிசி இருக்கு.”

“எப்படி இருக்கு? எப்பவும் வியாழக்கிழமையே பானையைச் சுரண்டுவியே.”

“பாத்துப் பொங்குதேன்” என்றாள் ரோஸ். கலயத்தில் வழக்கத்தைவிடச் சோறு கூடுதலாகத்தான் கிடந்தது.

மறுநாள் பிச்சுமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து வால்வைச் சுற்றிப் பார்த்தார்.

“வால்வு வாய் தேஞ்சிருக்கும், ஓய். எங்காத்துக் குழாயும் இப்படித்தான். வாயை உரசினா சரியாயிடும்.”

தண்ணீர்க் குழாயும் இதுவும் ஒன்றா என்று வேதமாணிக்கம் கேட்கவில்லை. அவனுக்கும் வேறு வழி தோன்றவில்லை. வால்வைப் பிரித்து, எமரிப் பொடி போட்டு, கை ஓயும்வரை உரசி உட்காரவைத்தான். வாய் கண்ணாடி போலானது. அதன் பலன், முன்பு ‘உஸ்’ என்றது இப்போது எழுபதை எட்டியதும் யானை பிளிறுகிற மாதிரி ஒரே போடாகப் போட்டது.

அன்றுதான் கோலப்பன் ஒரு பூனை வாங்கியிருந்தார். அடுத்த சனிக்கிழமைக்கும் மிச்சம் வரவேண்டிய அரிசிச் சாக்கு போன சனிக்கிழமைக் கூலியிலேயே தரைதட்டிவிட்டது. எலி என்று முடிவுகட்டிப் பழவங்காடிச் சந்தியில் ஒரு கடைக்காரனிடம் விலைபேசி வாங்கிய பூனை. வால்வு பிளிறியதும் அது சாக்கிலிருந்து எழும்பி, மதிலேறி, அடுத்த தெருவில் பிச்சுமணி வீட்டு அடுக்களையில் போய் விழுந்தது. அங்கே பால் இருந்ததால் திரும்பி வரவில்லை.

“பூனைக்கு ஆறு சக்கரம்” என்றார் கோலப்பன். “உம்ம பாக்கியில கழிச்சாச்சு.”

“கழிக்கப்படாது” என்றான் வேதமாணிக்கம். “பூனையை நான் விரட்டல்ல. பூனைக்குக் காது கேக்கும்னு நீங்கதான் விசாரிச்சு வாங்கியிருக்கணும்.”

“வாய் பெருசாட்டு இருக்கே வே உமக்கு.”

“வால்வைவிடச் சின்னதுதான் மொதலாளி.”

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி முதலாளி உத்தரவிட்டார். வேதமாணிக்கம் வால்வின் வெளிவாயில் ஒரு குழாயை முடுக்கிப் பின்மதிலுக்கு வெளியே நீட்டிவிட்டான். கொட்டகையில் சத்தம் குறைந்தது. ஆனால் மதிலுக்கு அப்பால் இருந்தது பிச்சுமணி வீட்டு முற்றம். அங்கே அவர் மனைவி அனந்தலக்ஷ்மி பெண் கல்யாணத்துக்கென்று இட்ட அப்பளங்களைப் பாய் விரித்து உலர்த்தியிருந்தாள். மறுநாள் காலையில் முதல் கட்டு அமுங்கியபோது அத்தனை அப்பளமும் ஒருசேர எழும்பி, தெருவைத் தாண்டி, கோவில் குளத்தில் இறங்கின.

அனந்தலக்ஷ்மி காலிப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கே வந்துவிட்டாள்.

“இது என்ன நியாயம்? உளுந்து யாரு தருவா? என் இடுப்பு யாரு தருவா?”

பிச்சுமணி பேரேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். வால்வு வாயை உரசச் சொன்னது யார் என்று வீட்டில் தெரிந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

கோலப்பன் உளுந்துக்கும் பாக்கியில் கழித்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்து, அதற்கும் கழித்தார். சனிக்கிழமைதோறும் கல் இறங்கிற்று, திங்கட்கிழமைதோறும் ஏறிற்று. வால்வு எழுபதிலேயே நின்றது. அமுங்காத கயிற்றுக் கட்டுகள் தலையணை போலக் குவிந்தன. வேதமாணிக்கம் இரண்டு முறை கேஜைச் சந்தேகப்பட்டான், ஒருமுறை தன் கண்ணைச் சந்தேகப்பட்டான். இரும்பைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் அவன் வரும்போது கொட்டகை அமைதியாக இருந்தது. இஞ்சின் ஓடுகிறது, வால்வு பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தான். வால்வுக் கம்பியைத் தொட்டியோடு சேர்த்து, கிட்டங்கியின் சொந்தக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. கேஜ் முள் தொண்ணூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தொட்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெண்கள் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோஸும் இருந்தாள்.

வேதமாணிக்கம் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு ஏணியில் ஏறினான்.

“தொடாதீரும் வே” என்று கீழேயிருந்து கோலப்பன் கத்தினார். “இப்பதான் அது ஒழுங்காட்டு இருக்கு.”

“இது ஒழுங்கா? இது வெடிக்கப்போற குண்டு.”

“அறுத்தீரோ, பாக்கியில ஒரு சக்கரம் கிடையாது.”

“சரி” என்று சொல்லி வேதமாணிக்கம் அறுத்தான்.

வால்வு அதுவரை அடக்கிவைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தது. குளத்து மீன் வரைக்கும் கேட்டிருக்கும். அது ஓய்ந்தபின் அவன் ஏணியிலிருந்தே பேசினான்.

“நீங்க கட்டுங்க, நான் அறுப்பேன். மறுபடி கட்டுங்க, மறுபடி அறுப்பேன். காசு தராட்டாலும் அறுப்பேன். இந்தா இருக்கவ என் பெண்டாட்டி. மத்தவளுவளும் ஒவ்வொருத்தன் பெண்டாட்டிதான்.”

பெண்கள் கயிறு முறுக்குவதை நிறுத்தினார்கள். கோலப்பன் சுற்றிலும் பார்த்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

வேதமாணிக்கம் இறங்கி வந்து இஞ்சினை நிறுத்தினான். சட்டையை மாட்டிக்கொண்டு நேராக சர்க்கார் இஞ்சின் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நடந்தான். அங்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தை வைத்துத் தட்டுத்தடுமாறி எழுதினான்: ‘வால்வு சரி. நான் வச்சது. வந்து பாக்கணும்.’

இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன் இரண்டு நாள் கழித்து, தன் சொந்தக் கேஜோடு வந்தார். காற்றை ஏற்றச் சொன்னார். எழுபதில் வால்வு பிளிறியது. வாயைக் கழற்றிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். கம்பியை அளந்தார். பிச்சுமணி குடையைப் பிடித்துக்கொண்டு நிழல் மாதிரிக் கூடவே நடந்தார்.

“வால்வு நல்ல வால்வு” என்றார் இன்ஸ்பெக்டர். “உரசினதும் நல்லா உரசியிருக்கு. பின்னே ஒண்ணுதான் பாக்கி. கல்லை நிறுக்கணும்.”

“இரும்பு தேயுமா சார்?” என்று சிரித்தார் கோலப்பன். “அது நல்ல கல்லு. நான் கையால எடுத்துக் கொடுத்தது.”

“அப்போ பயமில்லையே. இன்னொரு ஏழு ராத்தல் கல்லு உண்டோ?”

கோலப்பனின் சிரிப்பு நின்றது. “இல்லை சார்.”

“அரிசிக் கல்லு இருக்கே” என்றார் பிச்சுமணி, நல்ல பிள்ளையாக.

“அந்தத் தராசு சரியில்லை. முள்ளு கோணல். நாளைக்குப் பார்க்கலாம்.”

“மதி, மதி, அது போதும். கொண்டு வரட்டே.”

தராசு வந்தது. ஒரு தட்டில் வால்வுக் கல்லை வைத்தார்கள். கோலப்பன், வால்வுக் கல் இறங்கி அரிசிக் கல் மேலே போகப்போவதை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிச்சுமணி மற்ற தட்டில் அரிசிக் கல்லை வைத்தார்.

‘டக்’கென்று இறங்கியது அரிசிக் கல். வால்வுக் கல் அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

கண்ணைத் திறந்த கோலப்பனைப் போல அன்று வேறு யாரும் திகைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வால்வுக் கல்லைக் கவிழ்த்து, பேனாக்கத்தியால் அடித் தாரைச் சுரண்டினார். அரக்கு உதிர்ந்தது, அதற்குள்ளிருந்து ஒரு மரக்கட்டையும் விழுந்தது. நடுவில் இரண்டு விரல் நுழைகிற பொந்து.

“இது யாருடைய கல்லு?”

“மொதலாளி தந்தது” என்றான் வேதமாணிக்கம்.

“குடைஞ்ச கல்லு வால்வுக்கு. நல்ல கல்லு அரிசிக்கு. அப்படித்தானோ?” இன்ஸ்பெக்டர் கோலப்பனைப் பார்த்தார். “இல்லே, வேற மாதிரியோ?”

கோலப்பன் யோசித்தார். ஆமாம் என்றால் வெறும் கஞ்சன். இல்லை என்றால் கள்ளத் தராசுக் கேசு. பெண்கள் எல்லாரும் முறுக்கிய கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

“ஆமா சார்” என்றார், ஈனமான குரலில். “அரிசிக்கு எப்பவும் நல்ல கல்லுதான்.”

“நல்லது. இனியும் அப்படியே இருக்கட்டும்.” இன்ஸ்பெக்டர் அரிசிக் கல்லின் மேல் சர்க்கார் முத்திரையைக் குத்தினார். குடைந்த கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “வால்வுக்குப் புதுக் கல்லு வாங்கணும். இந்த ஆளுக்கு எவ்வளவு கொடுக்கணும்?”

“பதினேழு ரூபாய் நாலு சக்கரம்” என்றான் வேதமாணிக்கம். “பூனை கிடையாது, உளுந்து கிடையாது, தேங்காயும் கிடையாது.”

கோலப்பன் அங்கேயே எண்ணிக் கொடுத்தார். எண்ணும்போது அவர் கண் அரிசிச் சாக்கின் பக்கமே போய்ப் போய் வந்தது. இத்தனை சனிக்கிழமையும் எலி எது என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியிருந்தது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

சாயங்காலம் வேதமாணிக்கமும் ரோஸும் ஆற்றுப் பாலத்தில் நடந்தார்கள். பணத்தை அவள் முந்தியில் முடிந்துகொண்டாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

“வால்வு சரின்னு சர்க்காரே சொல்லியாச்சு. ஆனா ஒண்ணு மட்டும் பிடிபடல்ல. மொத நாளு எண்பதுல நின்னுது. அப்ப இருந்தது நல்ல கல்லு. இடையில எவனோ மாத்தியிருக்கான். எத்தனை நாள் என் பேரைக் கெடுத்தான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

ரோஸ் முந்தி முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“நான்தான் மாத்துனேன். உங்ககிட்டச் சொல்லியிருந்தா நீங்க சரியாக்கி வச்சிருப்பிய.”