மூன்று மொக்கு ரோஜா

ரோஜாத் தொட்டி மறுபடியும் இடம் மாறியிருந்தது.

கையில் செம்புத் தண்ணீரோடு அப்துல் சுபான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்றுச் சாயங்காலம் அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கிவந்து, வெயில் விழும் இடமாகப் பார்த்துத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்த தொட்டி. இப்போது முருங்கை மரத்து நிழலில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“ஜானு, இந்தத் தொட்டியை யாராச்சும் தொட்டாங்களா?”

“எந்தத் தொட்டி?” உள்ளேயிருந்து ஜான் பீயின் குரல் வந்தது. “எனக்கு அடுப்பு வேலையே தலைக்கு மேல கிடக்குது. நீங்க என்னாத்துக்குக் காலங்காத்தால செடிகிட்ட நிக்கிறீங்க?”

“சும்மாதான். காத்து வாங்க.”

சுபான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவியிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்பதல்லவா உத்தரவு?

உத்தரவு போட்டவர் வீட்டுக்காரம்மா காசியம்மாள். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம் என்று ஒரு மாதத்துக்குக் கிளம்பியவர், சுபானைக் கிணற்றடிக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாய், இது ஓசூர் ஒட்டு ரோஜா. மூணு மொக்கு விட்டிருக்குது. உங்க ஒருத்தரை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். உங்க வூட்டம்மாகிட்டகூடச் சொல்லாதீங்க. ஆளாளுக்குக் கை வெச்சா செடி தாங்காது.”

“சரிங்கம்மா.”

“நான் வர்றப்ப செடி நல்லா இருந்துச்சுன்னா, முன்வூடு உங்களுக்குத்தான்.”

முன்வீடு! பெரிய கூடம், இரண்டு அறை, தனிக் குழாய். காசியம்மாள் நடுக்கட்டோடு இருந்துகொள்வதால் அது பூட்டியே கிடக்கிறது. சுபானோ தருமபுரி கடைத்தெருவில் தகரப் பெட்டி செய்கிறவர். பின்கட்டில் அவர் குடியிருந்த ஒற்றை அறையில் பாதியை வர்ணம் காயாத பெட்டிகள் பிடித்துக்கொண்டன. மகள் ஷகிலாவைப் பெண் பார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து பத்துப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்களைப் பெட்டி மேலா உட்காரவைப்பது?

ஆகவே தொட்டியை மறுபடி வெயிலுக்கு நகர்த்தினார். தண்ணீர் ஊற்றலாம் என்று குனிந்தால், தொட்டிக்குள் ஏற்கெனவே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவரோ நேற்றுக் காலையில் ஊற்றியது ஒரே செம்பு. மழையும் இல்லை.

“என்னடா இது, செடி தனக்குத்தானே ஊத்திக்குதா?” என்று முணுமுணுத்தார்.

இரண்டு நாள் தண்ணீரே ஊற்றாமல் விட்டார். தொட்டி காயவில்லை. இலைதான் மஞ்சளானது. கடைத்தெருவில் தள்ளுவண்டியில் செடி விற்கிறவனைக் கேட்டார்.

“வேர்ல ஈரம் தங்கிப்போச்சுங்க பாய். அடுப்புச் சாம்பல் ரெண்டு பிடி போடுங்க, இழுத்துக்கும்.”

ஜான் பீ அசந்த நேரமாகப் பார்த்து அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிப் போட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் சாம்பலுக்கு மேல் ஒரு அடுக்கு மாட்டுச் சாணி. அதற்கு மேல் முட்டை ஓடும் டீத்தூளும். சுபானுக்குத் தலை சுற்றியது. அத்தனையையும் குச்சியால் கிளறி வெளியே எடுத்தார். எடுக்கும்போது இரண்டு வேரும் கூடவே வந்தன.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. முனிராஜ் வாத்தியார்.

“என்ன பாய், செடிகிட்ட?”

“எனக்கென்ன சார் செடிகிட்ட வேலை? பல்லு விளக்க வந்தேன்.”

“குச்சி எல்லாம் சேறா இருக்குதே?”

“வேப்பங்குச்சி கீழ விழுந்துடுச்சுங்க. நீங்க எங்க சார் இந்தப் பக்கம்? கையில என்னா?”

“ஒண்ணுமில்லயே!” வாத்தியார் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “பரீட்சைப் பேப்பருங்க பாய். காத்தாட உக்காந்து திருத்தலாம்னு…”

அங்கேதான் சுபானுக்குச் சந்தேகம் தட்டியது. வாத்தியாருக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவியை நல்லம்பள்ளியில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முன்வீட்டுப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறவர். செடியைச் சாகடித்தால் தனக்கு வீடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாரோ? படித்த மனுஷன் இப்படிச் செய்வாரா?

எதற்கும் இருக்கட்டும் என்று தர்காவுக்குப் போய் ஒரு தாயத்து வாங்கிவந்து தொட்டியின் கழுத்தில் கட்டினார். மறுநாள் தாயத்துக்குப் பக்கத்தில் மூன்று விரல் திருநீற்றுப் பட்டை இருந்தது. அதற்கு மறுநாள் கண்மையில் ஒரு திருஷ்டிப் பொட்டு.

ஒரு மொக்கு உதிர்ந்தது. மஞ்சள் கிளையை வெட்டினால் மிச்சம் பிழைக்கும் என்று தகரம் வெட்டும் கத்தரியால் ஒரு கிளையை நறுக்கினார். காலையில் பார்த்தால் இன்னொரு கிளையையும் காணோம். அதற்கடுத்த நாள் மூன்றாவதும் போயிற்று. கடைசியில் தாயத்தும் திருநீறும் கண்மையுமாக ஒரு முள்குச்சி நின்றது.

அன்றைக்குப் பார்த்துத் தபால்காரர் கிருஷ்ணப்பன் கார்டு கொண்டுவந்தார். ‘வியாழக்கிழமை காலை வருகிறேன். காசியம்மாள்.’ மாப்பிள்ளை வீட்டார் வருவது வெள்ளிக்கிழமை.

சுபான் புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினார். அதே மாதிரி சிவப்பு, அதே மாதிரி மூன்று மொக்கு, தேடிப் பிடித்து ஒரு ஒட்டுச் செடி வாங்கினார். யார் கண்ணிலும் படக் கூடாதே என்று, மூடியில் ஓட்டை போட்ட தகரப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தார். திரும்பும்போது கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

“உள்ள என்னா பாய்?”

“துணிங்க.”

“துணிக்கு எதுக்கு ஓட்டை?”

“புழுங்கும்ல?”

“கோழின்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கா டிக்கெட் கிழிக்கப் போறேன்?”

பொழுது சாய்வதற்குள் வீடு வந்து, நேராகப் பின்பக்கம் போனார். பெட்டியைத் திறந்து செடியை எடுத்தார். தொட்டியைப் பார்த்தார். செடி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

தொட்டியில் குச்சியைக் காணோம். அந்த இடத்தில் பச்சைப் பசேலென்று ஒரு ரோஜாச் செடி, மஞ்சள் பூவோடு சிரித்துக்கொண்டிருந்தது.

“யா அல்லா! சிவப்பு எப்படி மஞ்சளாச்சு?”

“பாய்! நீங்களா?”

முருங்கை மரத்துக்குப் பின்னாலிருந்து வாத்தியார் வந்தார். சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கிய பையிலிருந்து ஒரு ரோஜாச் செடி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் கலர்.

“வாத்தியாரே, நீங்க எதுக்கு இதை வாங்கினீங்க?”

“அம்மா என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனாங்க! ‘பாய்கிட்டச் சொல்லாதீங்க, தகரம் வெட்டற மாதிரி செடியை வெட்டிப்புடுவாரு’ன்னாங்க.”

“என்கிட்டயும் இதையேதான்யா சொன்னாங்க! அப்ப தண்ணி?”

“தெனமும் சாயங்காலம் ரெண்டு செம்பு ஊத்தினேன் பாய். நெழல்ல வெச்சதும் நான்தான். வெயில்ல கொண்டுபோய் வெச்சது நீங்களா?”

“நான்தான். அப்ப இந்த மஞ்சளைக் கொண்டாந்து வெச்சது யாரு?”

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கை நிறைய முட்டை ஓட்டோடு ஜான் பீ நின்றுகொண்டிருந்தாள்.

“என்னையும்தான் நம்பிட்டுப் போனாங்க,” என்றாள் சின்னக் குரலில். “ஆம்பிளைங்களுக்குச் செடி வளர்க்கத் தெரியாதாம். என் தம்பி நூர் பாஷா நேத்துதான் இதை வாங்கியாந்தான்.”

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் யாரில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை காசியம்மாள் வந்து இறங்கியபோது வாசலில் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாக மூன்று செடிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் மூன்று பேர் கைகட்டி நின்றார்கள்.

“அம்மா, அந்தச் செடி…” என்று சுபான் ஆரம்பித்தார். “செத்துப்போச்சுங்க. மன்னிச்சிடுங்க. நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றாங்க…”

காசியம்மாள் கோபப்படவில்லை. மூன்று செடியையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

“அட விடுங்க பாய், செடிதானே! நாளைக்கு ஒரு நாள் முன்வூட்டைத் திறந்துவிடறேன், வர்றவங்களைக் கூடத்துல உக்காரவைங்க. குடிவர்றதைப் பத்தி, நான் பெரிய மக வூட்டுக்கு ஒருக்கா போயிட்டு வந்து பேசிக்கலாம்.”

சுபானுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷியா!

“இந்த மூணையும் அந்தக் கடைசியில வரிசையா நட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவர் காட்டிய முன்வாசல் மதிலோரம் ஏற்கெனவே பதினோரு ரோஜாச் செடிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றும் ஒரு வயசு. சுபானும் வாத்தியாரும் மண்வெட்டியோடு பன்னிரண்டாவது குழியைத் தோண்டும்போது தபால்காரர் கிருஷ்ணப்பன் சைக்கிளை விட்டு இறங்கினார். மூன்று செடிகளையும் அவர்கள் முகங்களையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“முன்வூடு தர்றேன்னாங்களா? அதோ அந்த நாலாவது வெள்ளை, நான் இங்க குடியிருந்தப்ப வாங்கி வெச்சதுங்க பாய்.”