மூடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன கதை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம். நீ சுகமா என்று இம்முறை கேட்கப்போவதில்லை. மார்பில் வந்த கட்டியை என்னவென்று பார்க்காமல் பொத்தி வைத்திருப்பவளிடம் கேட்டு என்ன பயன்?

"வலிக்கவே இல்லடி, சாதாரணக் கட்டிதான். நீ லேப்ல தினமும் இதைத்தானே பாக்குற, தொட்டுப் பாத்துச் சொல்லிடு, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று போன மாதம் சொன்னாய். அதன்பிறகு எப்போது கேட்டாலும் "பாக்கலாம், பாக்கலாம்." தொட்டுச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?

எங்கள் லேபின் லட்சணத்தைக் கேள். இரண்டு தட்டுகளில் மார்புக் கட்டிச் செல்களை வளர்க்கிறோம். ஒன்று சாது, இன்னொன்று புற்று. சாது, பக்கத்துச் செல் மேலே பட்டதும் மரியாதையாக நின்றுவிடும். புற்று, அடுத்தவன் தலைமேல் ஏறி உட்காரும். பெயரைத் தட்டில் எழுது, மூடியில் எழுதாதே என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். எங்கள் துறைத் தலைவர் மூடியில்தான் எழுதுவார். விருந்தாளிகளுக்கு முன்னால், செல்கள் வளரும் தீனி நீரை நானே மாற்றுகிறேன் பாருங்கள் என்று இரண்டையும் திறந்தவர், மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டார். புற்றின்மேல் சாது மூடி இருப்பது தெரியாமலே மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தோம். செல்கள் இன்னும் நெருங்கி வளராததால் அடக்க ஒடுக்கமாகத்தான் இருந்தன. "என்ன ஒழுங்கு பாருங்க," என்றார் தலைவர். பட்டம் வாங்கிய நானும் ஆமாம் சார் என்று தலையாட்டினேன். இரண்டையும் சோதனைக்காகக் கடற்பாசிக் கூழில் விதைத்தபோதுதான் சாயம் வெளுத்தது. சாது செல்லுக்கு ஊன்றிக்கொள்ளத் தரை வேண்டும், கூழில் வளராது. சாது மூடி போட்ட தட்டிலிருந்து எடுத்ததோ உருண்டை உருண்டையாகப் பெருகி நிற்கிறது. தலைவர் அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். மூடி மாறியதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு நாங்களே ஏமாறுகிறோம், நீ வலியில்லை என்று தீர்ப்பு எழுதுகிறாய். புற்றும் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது அக்கா. தைக்க எடுத்த ஒரு முழம் துணியைக்கூட, சுருங்குமான்னு நனைச்சுப் பாக்காம வெட்ட மாட்ட, உன் உடம்பு அதைவிட மட்டமா போச்சா? எனக்குப் பயமா இருக்கு. நீ இல்லேன்னா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?

ஊசி குத்திச் சோதித்துக்கொள்ளும்வரை உன்னோடு பேசமாட்டேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு ஒன்றும் கிடையாது.

ஆறாத கோபத்துடன்,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அத்தான் போன் செய்தார். போன வாரமே போய் ஊசி குத்திக்கொண்டாயாம், சாதாரணக் கட்டிதானாம். சொன்னால் நான் பாடம் எடுப்பேன் என்று மறைத்தாயாம். உட்கார்ந்து அழுதேன். எழுதியதை வீணாக்க மனமில்லை, அனுப்புகிறேன். பேசமாட்டேன் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் படி. படித்ததும் கூப்பிடு, உன்னை வாயாரத் திட்ட வேண்டும்.