கூட்டினால் எட்டு வரும் கம்பெனி

தெப்ராவ், ஜொகூர் பாரு
ஞாயிற்றுக்கிழமை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய மாமா சதாசிவம் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் திருச்செல்வம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே நீங்களும் சந்திரமதி அத்தையும் தையல் கூடத்தில் உள்ள அத்தனை பேரும் கோமதியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருப்பீர்கள். வருகிற ஏழாம் தேதி உங்கள் மகள், என் வீட்டுக்காரி கஸ்தூரிக்குப் பிறந்தநாள். வழக்கம்போல் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, இவள் பிறந்த பிறகுதான் ஒற்றை மெஷின் ஒரு கூடமாக ஆனது என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்வீர்கள். அந்த வரிசையில் இந்த வருஷமும் நான் நிற்க முடியாது.

இந்தக் காலத்தில் எவன் காகிதத்தில் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புகிற குரல் செய்தியையெல்லாம் நீங்கள் தையல் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். போன மாதம் வயிறு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னேன். பட்டன் தைக்கிற பெண்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்லி அனுப்பினார்கள். இப்போது சொல்லப்போகிற விஷயம் அவர்கள் காதில் விழுந்தால் நான் சங்கரன்கோவில் எல்லைக்குள் கால் வைக்க முடியாது. அதனால்தான் காகிதம்.

நேற்று போனில் நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள். "மாப்ள, போர்டு மாட்டியாச்சா?" நான் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். மாமா, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. காடைப் பண்ணையும் பினாயில் வியாபாரமும் மூழ்கின பிறகு, மலேசியாவில் நம் நைட்டியை விற்கப் போகிறேன் என்று நான் உங்கள் முன்னால் வந்து நின்றபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "போங்க. கம்பெனி வைங்க. போர்டு மாட்டி போட்டோ அனுப்புங்க. மறுநாளே பொண்ண அனுப்பி வைக்கேன். அதுவரைக்கும் அவ இங்கதான் இருப்பா." ஆக, என் குடித்தனமே இப்போது ஒரு பலகையில் தொங்குகிறது. அந்தப் பலகை ஏன் இன்னும் தொங்கவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் செக்ரட்டரி. இந்த ஊரில் கம்பெனி என்றால் உரிமம் பெற்ற செக்ரட்டரி ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். அடடா, வந்ததும் வராததுமாக நமக்கு ஒரு செக்ரட்டரியா என்று பூரித்துப்போய், இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் ஆபீசுக்குப் போனேன். லோஷினி என்று பெயர், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "வாங்கம்மா, எனக்கு ஒரு டீ சொல்லிட்டு, நாளைக்கு யார் யாரப் பாக்கணும்னு குறிச்சுக்கோங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அங்கிள், நான் கம்பெனிக்கு செக்ரட்டரி. உங்களுக்கு இல்ல. நீங்க சட்டப்படி நடக்கறீங்களான்னு பாக்கறதுதான் என் வேலை. டீ கீழ கடையில இருக்கு." அன்றிலிருந்து அவர் போன் வந்தால் நான் எழுந்து நின்றுதான் பேசுகிறேன்.

அடுத்து, இங்கேயே குடியிருக்கிற டைரக்டர் ஒருவராவது வேண்டும் என்றார் லோஷினி. நான் அறை எடுத்திருக்கிற வீட்டுக்காரர் சந்தனசாமியைக் கேட்டேன். லாயாங் லாயாங் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள், சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர், தங்கமான மனுஷன். சும்மா பெயருக்கு ஒரு கையெழுத்து அண்ணே என்றுதான் சொன்னேன். அவர் மறுநாளே டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு இன்னும் வேலை செய்வதற்கான பாஸ் வரவில்லை. அது வரும்வரை என் சொந்தக் கம்பெனியிலேயே நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதாம். வாடகைக்குப் பிடித்திருக்கிற கடையில் நைட்டி மூட்டை ஒன்று சரிந்து விழுந்ததைப் பிடிக்கப் போனேன். "தம்பி, தொடாதீங்க லா! பாஸ் வரட்டும். நீங்க முதலாளி, உக்காருங்க" என்று சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவரை முதலாளி என்று கும்பிட்டுவிட்டு, மூலையில் இருக்கும் என்னைக் காட்டி, "ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரரா? உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்கள். அவர் மனைவி கெர்ட்ரூட் அக்காதான் நம் சரக்கை முதலில் போட்டுப் பார்த்தவர். "துணி நல்லாருக்கு, பாக்கெட் எங்க? போன எங்க வைக்கறது, தலையிலயா?" என்று கேட்டார்.

இப்போது பெயர். நீங்களும் உங்கள் எண் ஜோதிடரும் சேர்ந்து குறித்துக் கொடுத்தீர்களே மூன்று பெயர், மூன்றையும் நம்பி வந்தேன். 'சதாசிவம் ராஜ கார்மெண்ட்ஸ்' என்று போட்டோம். இது சுல்தான் இருக்கிற மண், அரண்மனைக்குச் சொந்தம் என்று தோன்றுகிற பெயரெல்லாம் அனுமதி இல்லாமல் வைக்க முடியாது என்று திரும்பிவிட்டது. உங்களுக்கு எந்த ராஜாவோடும் சம்பந்தம் இல்லை என்று நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன், லோஷினி வேண்டாம் என்றுவிட்டார். 'கஸ்தூரி கார்மெண்ட்ஸ்' என்று போட்டோம். ஏற்கெனவே ஒருத்தர் வைத்திருக்கிறார். மூன்றாவதாக, கூட்டுத்தொகை சரியாக வரவேண்டும் என்று உங்கள் ஜோதிடர் கஸ்தூரிக்கு நடுவில் நாலு 'ஏ'யும் கடைசியில் இரண்டு 'ஐ'யும் சேர்த்துக் கொடுத்த பெயர். லோஷினி அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "அங்கிள், இது பேரா, இல்ல யாராவது கிணத்துல விழறாங்களா?" அதுவும் திரும்பி வந்தது. எழுத்தை இழுத்தாலும் பழைய பெயர் பழைய பெயர்தானாம்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். லோஷினிக்கே பாவமாகிப் போனது. "பேரே வேணாம்னாலும் வழி இருக்கு. பதிவு நம்பரையே கம்பெனி பேரா வச்சுக்கலாம். சட்டம் விடுது. அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சரி, ஏதோ ஒன்று பிறக்கட்டும் என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த நாளே கம்பெனி பிறந்துவிட்டது, மாமா. பிறந்த குழந்தையின் பெயர் பன்னிரண்டு இலக்கம். அதை நான் இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எழுதினால் கடிதத்தை வாசலிலேயே போட்டுவிட்டுத் தலைக்குக் குளிப்பீர்கள். கடைசியில் மூன்று எட்டு வரிசையாக நிற்கிறது. மொத்தத்தையும் கூட்டினேன். எட்டு. சந்தனசாமியின் கால்குலேட்டரில் கூட்டினேன். எட்டு. கீழேயிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்தேன், அப்போதும் எட்டு.

உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? எட்டாம் நம்பர் பஸ் வந்தால் வெயிலில் நடந்தே போகிறவர் நீங்கள். வீட்டுக் கதவு எண் எட்டு என்பதால் அதை அழித்து ஏழு-ஏ என்று பெயிண்ட் அடித்தீர்கள். பக்கத்து வீட்டு ஏழாம் நம்பர்க்காரரோடு இன்றுவரை தபால் தகராறு. அப்படிப்பட்ட உங்களிடம் மூன்று எட்டு வைத்த பலகையைப் படம் பிடித்து அனுப்பி, பெண்ணைக் கேட்க எனக்கு என்ன நெஞ்சழுத்தமா? கஸ்தூரியிடம் மட்டும் போனில் அழுதுகொண்டே சொன்னேன். "வச்சிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் அழைப்பையே அவள் எடுக்கவில்லை.

இந்த வேதனை போதாதென்று எங்கள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் மிஸ்டர் ஓங். நம் கம்பெனிப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் தீபாவளி போல் ஆகிவிட்டது. சீனர்களுக்கு எட்டு என்றால் லட்சுமி கடாட்சமாம். "ஹுவாட் ஆ!" என்று கத்தி என் முதுகில் ஒன்று வைத்தார். செழிக்கட்டும் என்று அர்த்தம் என்றார் சந்தனசாமி. ஓங் சும்மா இருந்தாரா? சிவப்புப் பலகையில் தங்க எழுத்தில் அந்தப் பன்னிரண்டு இலக்கத்தையும் எழுதவைத்து, தன் அன்பளிப்பு என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, மேலே நம் பெரிய சைஸ் பூப்போட்ட நைட்டி ஒன்றைப் போர்த்தியிருக்கிறேன். தினம் காலையில் ஓங் வந்து, ஏன் மாட்டவில்லை என்று கையை விரிக்கிறார். நானும் கையை விரிக்கிறேன்.

வங்கிக்குப் போனோம். கம்பெனி பெயர் என்ன என்று அங்கே மேசையில் இருந்த பெண் கேட்டாள். எண்ணைச் சொன்னேன். "அது நம்பர் சார், பேரு?" நம்பர்தான் பெயர் என்றேன். "அப்போ நம்பர்?" அதுவும் அதேதான் என்றேன். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் கணக்கு தொடங்க கடை போர்டோடு ஒரு போட்டோ கொண்டு வரச் சொன்னார்கள். பாருங்கள், அங்கேயும் போர்டு.

மூடிவிடலாம் அண்ணே என்று நேற்று சந்தனசாமியிடம் சொன்னேன். "அலமாக்! மூடறதா? போன வாரம்தான் ஃபாதர்கிட்ட சொல்லி பூசையில வேண்டிக்கிட்டேன். எங்க கோயில்ல நம்பர நாங்க கூட்டிப் பாக்கறதில்ல, தம்பி" என்றார். நீங்களாவது விலகிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒருவர்தான் உள்ளூர் டைரக்டர் என்பதால், வேறு ஆள் வராமல் அவர் விலகவும் சட்டம் விடாதாம். மூடவும் முடியாமல், மாட்டவும் முடியாமல் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மாமா. தோற்றுவிட்டேன். நாளைக் காலையில் முதல் வேலையாக லோஷினி காலில் விழுந்தாவது கம்பெனியை எடுத்துவிடுகிறேன். ஊருக்கு வந்து உங்கள் கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை கிடைத்தால் போதும். கஸ்தூரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். பட்டன் தைக்கிறவர்களுக்கு என் அன்பு, ஆனால் கடிதத்தைக் காட்ட வேண்டாம். உங்கள் ஆசி என் பக்கம் இருக்கட்டும், கோபம் கொஞ்ச நாள் அலமாரியில் இருக்கட்டும். உறையில் கதவு எண் ஏழு-ஏ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
திருச்செல்வம்
(எண்ணைப் பெயராகக் கொண்ட கம்பெனியின் டைரக்டர், உட்கார மட்டும்)

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவை நம்ப வேண்டாம், மாமா. திங்கள் காலை லோஷினியைப் பார்க்கப் படியிறங்கும்போது போன் வந்தது. கஸ்தூரி. "லார்கின் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். வந்து கூட்டிட்டுப் போங்க." உங்களிடம் திருச்செந்தூர் என்று சொல்லிவிட்டு, திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள். அத்தைக்கு எல்லாம் தெரியும்.

கடைக்கு வந்தவள் நேராகப் போய் நைட்டியை உருவிவிட்டுப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க போன்ல அழுததை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சிரிச்ச சிரிப்புல அடுப்புல பால் பொங்கி வழிஞ்சிட்டு. நான் பொறந்தது ஏழாம் தேதி இல்ல, எட்டு. விடியக்காலம் மூணரை மணி. சூரியன் உதிக்கல, அதனால இன்னும் ஏழாம் தேதிதான்னு அப்பா ஆஸ்பத்திரியில ஒத்தக்கால்ல நின்னு எழுத வச்சாராம்" என்றாள். அப்படியென்றால் நமக்குப் பார்த்த ஜாதகப் பொருத்தம் என்று கேட்டேன். "அது ஏழாம் தேதிக்காரிக்குப் பார்த்தது. அவ வேற யாரையாவது கட்டியிருப்பா" என்றாள்.

மாமா, கதவுக்குச் செய்ததையே மகளுக்கும் செய்திருக்கிறீர்கள். ஒற்றை மெஷின் கூடமாக ஆனது ஏழால் இல்லை. இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் நடமாடி, உங்கள் கணக்கு பார்த்து, உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது எட்டு. அந்த எட்டு இப்போது என் வீட்டுக்கு வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளைப் பார்த்ததும் நான் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுவிட்டேன்.

போர்டு மாட்டியாயிற்று. சந்தனசாமி ஏணியில் ஏறினார், ஓங் ஏணியைப் பிடித்தார். கஸ்தூரியும் எதையும் தொடக் கூடாது என்று அவளுக்கும் ஒரு சிவப்பு நாற்காலி போட்டுவிட்டார்கள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். போட்டோ இத்துடன் இருக்கிறது. அடுத்த பார்சலில் நைட்டிக்குப் பாக்கெட் வைத்து அனுப்பவும், கெர்ட்ரூட் அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், கஸ்தூரி விடவில்லை. உறையை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, புது உறையில் அவளே விலாசம் எழுதினாள். கதவு எண் எட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள். அப்பா வாங்குவாரா என்று அவளுக்கும் பயம்தான். இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், வாங்கிவிட்டீர்கள்.