தயாளன் அண்ணன் வீட்டுத் தளமும் நான் ஒட்டிய ரப்பரும்

தயாளன் அண்ணன் பொய் சொல்கிறார்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இடத்தின் சொந்தக்காரர் அவர். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். 'ஸ்டெல்லாவும் அவ கூட வேலை செய்யற பொம்பளைங்களும் தண்ணிய ஊத்தி என் வீட்டு மாடித் தளத்தையே கெடுத்துட்டாங்க' என்று ஒரு வருஷமாக டீக்கடையில் சொல்கிறார், பிரியாணிக் கடை வரிசையில் நின்றுகொண்டு சொல்கிறார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சொல்லியிருக்கிறார். நாங்கள் தண்ணீர் ஊற்றியது உண்மை. தளம் கெட்டிருப்பதும் உண்மை. நாங்கள் ஊற்றியதால் கெட்டது என்பதுதான் பொய்.

நான் ஒன்றும் முட்டாள்தனம் செய்யவில்லை என்று சாதிக்க வரவில்லை. செய்தேன். ஊரே வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் செய்தேன். ஆனால் என் முட்டாள்தனத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு இன்னொருவர் குளிர் காய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஷூ. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கம்பெனியில் சேர்ந்து, முதலில் பசை தடவும் லைனில் இருந்தேன். பிறகு தையலுக்கு மாற்றினார்கள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, கம்பெனியிலிருந்து அப்பர் (ஷூவில் பாதத்தை மூடுகிற மேல்பகுதித் தோல்) வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் ஆரம்பித்தேன். தெருப் பெண்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அதில் மூத்தவர் நூர்ஜஹான் அக்கா. இடம்தான் இல்லை. தயாளன் அண்ணன் தன் வீட்டின் பின்பாதி ஹாலை வாடகைக்கு விட்டார். பழைய வீடு. முன்பாதியில் அவர் குடும்பம், பின்பாதியில் நாங்கள், நடுவில் ஒரு சுவர், இரண்டுக்கும் மேலே ஒரே கான்கிரீட் தளம்.

மழை வந்தால் எங்கள் பாதி ஒழுகும். தையல் மேஜைக்கு நேர் மேலே.

மற்ற வீடுகளில் ஒழுகினால் துடைத்துவிட்டுப் போகலாம். வெளிர் நிறத் தோலில் ஒரு சொட்டு விழுந்தால் போயிற்று. காய்ந்ததும் வட்டமாகக் கறை நிற்கும், எதைப் போட்டாலும் போகாது. கம்பெனியில் சரக்கு பார்ப்பவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் எறிவார். இரண்டு முறை எறிந்துவிட்டு, மூன்றாவது முறை எறிந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். அந்த ஹாலை நம்பித்தான் எங்கள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

தயாளன் அண்ணனிடம் போனேன்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, கான்கிரீட்டுனா மழைல லேசா வேர்க்கத்தான் செய்யும்."

"வேர்வைய யாராவது பக்கெட் வெச்சுப் பிடிப்பாங்களா அண்ணே?"

"ஜாஸ்தி பேசற நீ. ஒழுகுதுன்னு விஷயம் தெரிஞ்சவன் எவனாவது வந்து சொல்லட்டும், என் செலவுல ரிப்பேர் பண்றேன். இல்லன்னா காலி பண்ணிட்டுப் போய்கினே இரு. அந்த எடத்துக்கு ஆளுங்க கேட்டுகினு இருக்காங்க."

சரி, விஷயம் தெரிந்தவனைக் கொண்டுவருகிறேன் என்று வந்துவிட்டேன். (கோபத்தில் கிளம்பினால் எனக்குக் கால் தரையில் நிற்காது. மூளையும் கூட வராது.)

என் தம்பி அருள் சென்னையில் கடலோரமாக ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறான். அவன் சொன்னான்: "க்கா, எங்க பக்கம் தளத்த செக் பண்றதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. மழைக்கு முன்னாடி வந்து தட்டிப் பார்த்து, கேமரா வெச்சுப் பார்த்து, எங்க ஒழுகும், ஏன் ஒழுகும்னு சொல்லிட்டுப் போவாங்க." அனுப்பு என்றேன். ஒரு சனிக்கிழமை காலை பிரவீன் என்ற இளைஞர் ஏணி, சின்னச் சுத்தியல், ஈரம் காட்டும் கருவி, ஒரு டேப்லெட் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். பார்க்கவே தெம்பாக இருந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி: "கடல் இங்கேருந்து எவ்ளோ தூரம் மேடம்?"

"எந்தக் கடல்?"

"பக்கத்துல இருக்கற கடல்."

"பக்கத்துல இருக்கறது பஸ் ஸ்டாண்டு. கடலுக்கு நீங்க வந்த வழியே திரும்பிப் போகணும்."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "புரியுது மேடம். நாங்க கடலோர வீடுங்க மட்டும்தான் பண்றது. இந்த இடத்த காலியா விட்டா இது அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்குது."

நூர்ஜஹான் அக்கா ஊசியைக் கீழே வைக்காமலே, "பாலாறுன்னு போட்டுக்கோ தம்பி" என்றார்.

"அதுல தண்ணி இருக்கா?"

"அரே, அது இருந்தா நாங்க ஏன் லாரித் தண்ணிக்குப் பேஜார் படறோம்?"

கடைசியில் என்னவோ ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். தட்டினார், குனிந்தார், படுத்துக்கொண்டு பார்த்தார். அந்த வாரம் மழையே இல்லை. அதனால் தண்ணீர் கட்டிப் பார்க்கவேண்டும் என்றார். மாடியில் மழைத்தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, கீழே எங்கே இறங்குகிறது என்று காத்திருப்பது. "மணல் மூட்டை வெச்சு அடைச்சாப் போதும் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் சொன்னபடி மணல் மூட்டையை வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மணல் மூட்டை எனக்குக் கேவலமாகப் பட்டது. பசை லைனில் வருஷக்கணக்கில் நின்றவள் நான். நான் ஒட்டிய சோல் வெளிநாட்டுப் பனியில் நடந்திருக்கிறது. ஒரு ஓட்டையை அடைக்க எனக்கு மூட்டையா? கடையிலிருந்து சோல் ரப்பர் ஷீட் வாங்கி வரச் சொன்னேன். கம்பெனியில் பயன்படுத்துகிற அதே சொல்யூஷன், அந்தப் பசை, என்னிடம் டின்னில் இருந்தது. துளைகளைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துடைத்தேன். ரப்பரிலும் தரையிலும் ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட், விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வந்ததும் வைத்து அழுத்திச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினேன்.

"மாஷா அல்லா, தைச்ச மாதிரி இருக்கு" என்றார் நூர்ஜஹான் அக்கா.

மோட்டாரைப் போட்டோம். ஒரு பொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சரக்கையெல்லாம் பத்திரமாக நூர்ஜஹான் அக்கா வீட்டுக்கு மாற்றிவிட்டு, கீழே எங்கள் ஹாலில் பக்கெட்டும் குண்டானும் பரப்பி, எல்லோரும் அண்ணாந்து உட்கார்ந்தோம். கழுத்து வலித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. சாப்பிட்டு வந்த பிரவீனும் எங்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார். மழையில் கொட்டுகிற தளம், அன்று பார்த்துப் பாலைவனமாக இருந்தது.

தயாளன் அண்ணன் வந்து வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, சந்தனம். அன்று மாலை அவர் வீட்டு ஹாலில் சங்கக் கூட்டம். மழைக்கு முன்னால் சாக்கடையைத் தூர்வாருவது பற்றி.

"இன்னாம்மா, கும்பலா கூரையப் பார்த்து ஜபம் பண்றீங்களா? வந்துச்சா மழை?"

"வரும் அண்ணே."

"வரும், வரும். வந்தா சொல்லியனுப்பு, கொடை எடுத்துகினு வர்றேன். வரலன்னா நாளைக்கு சாவியக் குடுத்துடு."

சிரித்துக்கொண்டே போனார். எங்களில் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை. மோட்டாரை மறுபடியும் போடு என்றேன். (அப்போதாவது யாராவது என் வாயை ரப்பர் போட்டு ஒட்டியிருக்கலாம்.)

சாயங்காலம் கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பத்மா அக்காவின் குரல் கேட்டது. "ஐயோ, ஃபேன்லேருந்து தண்ணி ஊத்துது! ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!"

ஓடினோம். தயாளன் அண்ணன் வீட்டு ஹாலில் சங்கத்தின் செயலாளர் தலையில் ஒழுக்கு நேராக விழுந்துகொண்டிருந்தது. பொருளாளர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்திருந்தார். கூரை முழுக்க வரி வரியாக நனைந்து, வரிக்கு வரி சொட்டிக்கொண்டிருந்தது. பிரவீன் அண்ணாந்து பார்த்து, தொழில் மகிழ்ச்சியோடு, "பாருங்க மேடம், தளம் முன்பக்கம் தாழ்ந்திருக்கு. அடைச்சதால தண்ணி பூரா இந்தப் பக்கமா சேர்ந்து, விரிசல் வழியா இறங்கிடுச்சு" என்றார். நேரம் பார்த்துப் பேசத் தெரியாத பிள்ளை.

"அடைப்ப எடுங்கடி!" என்று பத்மா அக்கா கத்தினார்.

மேலே ஓடினோம். அடைப்பை எடுக்க வேண்டும், அவ்வளவுதானே? பிடித்து இழுத்தேன். வரவில்லை. குறடு போட்டு இழுத்தேன். குறடுதான் கையோடு வந்தது. தோல் சீவுகிற கத்தியை விட்டு நெம்பினேன், கத்தி முனை உடைந்தது. தரம் பார்ப்பவர் யாராவது அங்கே இருந்திருந்தால் எனக்குப் பரிசு கொடுத்திருப்பார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் ரப்பர் அசையவில்லை. கீழே சத்தம் கூடிக்கொண்டே போனது.

வேறு வழி தெரியாமல் பக்கெட்டால் மொண்டு கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஊற்றச் சொன்னேன். பெண்கள் வரிசையாக நின்று மொண்டு மொண்டு ஊற்றினார்கள். வெளியே என்பது தயாளன் அண்ணன் வீட்டு வாசல். ஒழுக்குக்குப் பயந்து உள்ளேயிருந்து ஓடிவந்த சங்க உறுப்பினர்கள் அத்தனை பேரும் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே சொட்டுச் சொட்டாக நனைந்தவர்கள் வெளியே பக்கெட் பக்கெட்டாக நனைந்தார்கள். "யாருடி அது மேல?" என்று செயலாளர் நிமிர்ந்து பார்த்தபோது அடுத்த பக்கெட் இறங்கியது. அது என் பக்கெட்.

கடைசியில் பிரவீன் உளியால் துளையைச் சுற்றித் தரையையே உடைத்தார். கான்கிரீட் பெயர்ந்து வந்தது, ரப்பர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. தண்ணீர் வடிந்தது.

உண்மையான கூத்து அதற்குப் பிறகுதான். எல்லோரும் நனைந்த சட்டையோடு மறுபடியும் ஹாலுக்குள் நுழைந்தபோது, கூரைப் பூச்சு பலகை அளவுக்குப் பெயர்ந்து நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. உள்ளே கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்லக்கூடாது, துரு. தொட்டால் தவிடு மாதிரி உதிர்ந்தது. பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிப் பார்த்த பிரவீனின் முகம் மாறியது.

"சார், இது உப்பு. கம்பி ரொம்ப வருஷமா அரிச்சிருக்கு. கடலோர வீட்டுல இத நிறையப் பார்ப்போம். இங்க எப்படின்னுதான்…" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "கட்டும்போது கடல் மணல் போட்டு ஏமாத்திட்டாங்களா சார்?"

தயாளன் அண்ணனுக்கு வந்ததே கோபம். நெஞ்சில் அடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கத்தினார்: "யாரப் பார்த்து இன்னா கேக்கற? எங்கப்பா கட்டுன வீடுடா இது! பாலாத்து மணல், சலிச்சு சலிச்சுப் போட்டது! அது தோலுக்குப் போட்ட உப்பு! எங்கப்பா காலத்துல இந்த மாடி பூரா பச்சத்தோலு, அழுகாம இருக்க உப்பு போட்டு அடுக்கியிருக்கும். மூட்டை மூட்டையா உப்பு! கடல் மணலாம், கடல் மணல்!"

பொருளாளர் நாற்காலியைத் தலையிலிருந்து இறக்கினார். பிரவீன் மெதுவாகச் சொன்னார்: "அப்ப அந்த உப்புதான் சார். மழையில கரைஞ்சு உள்ள இறங்கி, கம்பிய அரிச்சு, விரிசல் விட்டுருக்கு. இன்னைக்கு ஊத்துன தண்ணியால ஆனது இல்ல."

தயாளன் அண்ணன் அப்போதுதான் தான் சொன்னதைத் தானே கேட்டார் போல. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அருள் கல்யாணத்தில் அவன் மாமனார் மைக்கைப் பிடித்து, "எங்க சம்பந்தி வீட்டு ஸ்டெல்லா ஒட்டுன ரப்பர் மாதிரி இவங்க பிரியாம இருக்கணும்" என்று வாழ்த்தினார். சர்ச் ஹாலே சிரித்தது. வீட்டில் கைப்பிடி கழன்றாலும், செருப்பு வார் அறுந்தாலும் என் கணவர் என்னிடம் தரமாட்டார். "நீ ஒட்டுனா அப்புறம் வீட்ட இடிக்கணும்" என்பார். சொல்லட்டும். அது என் பங்கு. என்னால் உடைந்த அந்தக் கைப்பிடியளவு கான்கிரீட்டை என் காசில் பூசித் தர நான் அன்றைக்கே தயார் என்றேன், இப்போதும் தயார்.

ஆனால் அடுத்த மழை வரப்போகிறது. தளம் அப்படியே இருக்கிறது. நாங்கள் மேஜை மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தைக்கிறோம். தளத்தைக் கெடுத்தவர்கள் என்று எங்களைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார் தயாளன் அண்ணன். நாங்கள் காலி பண்ணப்போவதில்லை. எங்களுக்காக மட்டும் சொல்லவில்லை; அந்த உப்பு தின்ற கம்பிக்குக் கீழேதான் பத்மா அக்காவும் தூங்குகிறார்.

தயாளன் அண்ணே, என்னிடம் தனியாக வந்து சமாதானம் பேச வேண்டாம். வருகிற சங்கக் கூட்டத்தில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். மாடியில் உப்பு போட்டது யார்? ஒழுகினால் உங்கள் செலவில் ரிப்பேர் என்று சொன்ன வாய் யாருடையது? அன்று தலை நனைந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். நானும் என் பெண்களும் முன்வரிசையில் இருப்போம். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.